பாறையில் நான் போட்ட வெள்ளை வட்டங்கள்

ஒன்றரை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த செடியை முதன்முதலில் பார்த்தபோது, அதன் கிழங்கு ஒரு பெண்ணின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

கச்சிராயபாளையத்துக்கு மேலே, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய கரும்பாறை உண்டு. பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். என் வயதை ஒத்த ஒருத்தி நான்கைந்து ஆடுகளை மேயவிட்டுவிட்டு, பாறை வெடிப்பில் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கிழங்கை எடுத்து, முந்தானையில் துடைத்து, நறுக்கென்று கடித்தாள். கிழங்கோடு வந்த கொடியைத் தூக்கிப் போட்டாள். அது என் காலடியில் வந்து விழுந்தது. அதில் ஒரு பூ இருந்தது. அடியில் உப்பி, மேலே குறுகி, நுனியில் இதழ்கள் ஐந்தும் ஒன்றுகூடிக் கூண்டாக நிற்கும் சின்னப் பூ. அந்தப் பூவின் படத்தைத்தான் பையில் வைத்துக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, துப்புங்க! துப்புங்க!" என்று கத்தினேன்.

விஷம் என்று நினைத்துக்கொண்டு அவள் பதறித் துப்பினாள். வாயைக் கழுவ என் தண்ணீர் பாட்டிலையே வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான், இது அரிய வகைச் செடி, அழிந்துகொண்டிருக்கிறது என்று நான் விளக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடச்சீ, இதுக்கா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். சின்ன வயசுலருந்து துன்னுகினு வரேன், எனக்கு இன்னா ஆயிப்போச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைக்கா. செடிக்குத்தான் ஆகுது."

"அதுக்கும் ஒண்ணும் ஆவாது. பெருச எடுத்துட்டு சிறுச அங்கயே பொத்திட்டுதான் வருவோம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெடிப்பில் ஈர மண்ணை வைத்து அழுத்தி, மேலே ஒரு சில்லுக்கல்லையும் வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் படித்தவள் என்ற கெத்தை விட்டுக்கொடுக்காமல், இனிமேல் தின்னக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நைனார்பாளையம் பக்கம். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். தாவரவியல் படித்துவிட்டு, அரிய செடிகள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடிக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். வீட்டில் யாராவது கேட்டால், "அவ புல்லு எண்ணப் போயிருக்கா" என்று என் அண்ணன் சொல்வான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் எண்ணுவதில் எனக்கிருந்த ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. பேருந்தில் உட்கார்ந்தால் சாலையோரப் புளியமரங்களை எண்ணிக்கொண்டே வருகிறவள் நான்.

திட்டத்துக்கு உள்ளூர்க் காவலாள் ஒருவர் வேண்டும் என்றார்கள். கிழங்கு தின்றவளையே போட்டுவிட்டேன். அவள் அடிவாரத்துக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். கரும்பு வெட்டும் நாளில் வெட்டுக்குப் போவாள், மற்ற நாளில் ஆடு. நான் அவளை அக்கா என்றேன். அவளும் என்னை அக்கா என்றாள். யார் மூத்தவள் என்று ஒருநாள் சண்டை வந்து, ஊர்த் திருவிழாவை வைத்துக் கணக்குப் போட்டதில் அவள் நாலு மாசம் பெரியவள் என்று தீர்ந்தது. அன்றிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது 'நீ, வா, போ'தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. காலையில் டவுன் பஸ்ஸில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து, அவளை வீட்டில் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவேன். பாறை உச்சியில் ஒரு சுனை உண்டு. அதன் கரையில் உட்கார்ந்து என் டப்பாவிலிருக்கும் எலுமிச்சைச் சாதத்தை அவளும், அவள் தூக்கிலிருக்கும் கேழ்வரகுக் களியை நானும் சாப்பிடுவோம். கீழே அணைத் தண்ணீர் பளபளக்கும். அவள் ஊரில் உள்ள அத்தனை பேரையும் நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். அதற்குப் பிறகு எத்தனையோ பேருடன் வேலை செய்துவிட்டேன், அப்படிச் சாப்பிட்ட சாப்பாடு கிடைக்கவில்லை.

பாறைக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நாங்கள் இருவரும் அவரை சார் என்போம். வந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பாறைமேல் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியால் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். கறுப்புக் கல்லுக்குள் வெளிர்சிவப்பாக வளைந்து வளைந்து ஓடும் வரிகள் அவருக்கு உயிர். பூமிக்குள் ஆழத்தில் கல் உருகிப் பாய்ந்த தடம் அது, புல்பூண்டு எதுவும் முளைப்பதற்கு முந்தியது என்பார். "திருவக்கரையில கல்மரத்தக் காப்பாத்தி வெச்சிருக்காங்கள்லம்மா, அந்த மாதிரி இதுக்கும் ஒரு போர்டு வெச்சிட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்" என்பார். செடி மட்டும் அவர் கண்ணில் படாது. இரண்டு தடவை மிதித்தே விட்டார்.

"சாரு, கல்லு எங்கியும் ஓடாது. கால கொஞ்சம் பாத்து வையுங்க" என்று அக்கா அவரை விரட்டுவாள்.

சார் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாறையை உடைத்துக் கல்லெடுக்க அனுமதி கேட்டு யாரோ மனுப் போட்டிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கச் சொல்லி சார் எழுதிய அறிக்கை, பாறைக்காக மட்டும் அறிவிக்க முடியாது என்று திரும்பி வந்திருந்தது. அழியும் நிலையில் உள்ள செடி அங்கே இருக்கிறது என்று காட்டினால் தட்ட முடியாது என்றார். கார்த்திகையில் நேரில் பார்க்க அதிகாரிகள் வருவதாக ஏற்பாடாயிற்று. செடியின் கணக்கை நான் கொடுக்க வேண்டும். பாறை உடைந்தால் சுனையும் போகும், அடிவாரக் குடிசைகளில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால் அக்காவுக்கும் அது வாழ்வா சாவா விஷயமாக இருந்தது.

அவளைப் பார்த்த மறுவருஷம் ஆவணியில் மழை பெய்து, வெடிப்புகளில் கொடி எழுந்தது. கணக்கெடுக்கத் தொடங்கினோம். முதல் நாளே அக்கா ஒரு எச்சரிக்கை விடுத்தாள்.

"மேற்கால போயிடாத. மலைத்தேனி கட்டிக்கினு கெடக்குது. தொரத்தித் தொரத்திக் கொட்டும்."

எனக்குத் தேனீ என்றால் உதறல். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. செடி எங்கே என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்ட மாட்டாள். ஆள்காட்டி விரலை மடித்துக்கொண்டு, முட்டியால் அந்தத் திசையைக் காட்டுவாள். சுரைப்பிஞ்சையும் பூசணிப்பிஞ்சையும் விரல் நீட்டிச் சுட்டினால் அழுகிவிடும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள்தான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சுட்டவும் கூடாது, எண்ணவும் கூடாது. இருக்கறது இருக்குதுன்னு வுட்டுட்டுப் போவணும்."

"எண்ணாம எப்பிடிக்கா அறிக்கை எழுதறது?"

"நெறைய இருக்குதுன்னு எழுதேன்."

'நிறைய' என்று எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் எண் அடித்த அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டினேன். ஒரே வாரத்தில் குரங்குகள் அத்தனையையும் பிடுங்கி, சிலதைச் சுனைக்குள்ளேயும் போட்டுவிட்டன. எண்ணிய கணக்கு குழம்பிப்போனதில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மறுநாள் கடையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் வாங்கிக்கொண்டு போனேன். செடி இருக்கும் ஒவ்வொரு வெடிப்பையும் சுற்றிப் பாறையில் வட்டம் போட்டு, பக்கத்தில் எண் எழுதினேன். நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்கு எழுதியிருப்பார்களே, அதுபோல் பளிச்சென்று இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று. கடைசி வட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது, இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது போல மனசு நிறைந்தது.

அக்கா பெயிண்ட் டப்பாவைத் தொடக்கூட இல்லை. "இன்னாத்துக்கு இப்பிடிப் பொட்டு வெச்சு வுடற?" என்று மட்டும் கேட்டாள்.

புரட்டாசியில் எல்லாம் பூத்தன. பத்தாம் எண் செடியில் ஒரே சமயத்தில் ஐந்து பூ. போனில் படம் எடுத்தேன். செடி ஆர்வலர்களுக்கான ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தேன்; அதில் அந்தப் படத்தைப் போட்டேன். இடம் எழுதவில்லை. அந்தளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது. ஆனால் பாராட்டு வந்து குவிந்தது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். யாரோ ஒருவர், "அருமையான கண்டுபிடிப்பு, கல்வராயன் பகுதிதானே?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஆமாம், அடிவாரம்தான்" என்று எழுதிவிட்டேன். படத்தின் ஓரத்தில் வெள்ளை வட்டம் இருந்தது, எண் இருந்தது, பின்னால் அணைத் தண்ணீரும் இருந்தது. இதற்குமேல் வழி சொல்ல என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் மூன்று வாரம் என்னால் போக முடியவில்லை. மழை விட்டதும் போனேன். அக்கா வீட்டு வாசலில் தயாராக நின்றிருந்தாள். எனக்கு முன்னால் விடுவிடுவென்று ஏறினாள். பாறைமேல் ஏறியதும் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

வட்டங்கள் இருந்தன. மழையில் கழுவி, முன்னைவிட வெளுப்பாக இருந்தன. எண்கள் இருந்தன. உள்ளே செடி இல்லை. ஒவ்வொரு வெடிப்பையும் இரும்பு வைத்து நெம்பி, அடிவரை தோண்டி எடுத்திருந்தார்கள். சில்லுக்கல்லுகள் சிதறிக் கிடந்தன. சிறுசுகூட மிச்சம் வைக்கவில்லை. ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை நான் ஓடி ஓடிப் பார்த்தேன்.

"எண்ணுங்க மேடம்" என்றாள் அக்கா. "நல்லா எண்ணிக்கோங்க."

நாலு மாசம் மூத்தவள் என்னை மேடம் என்றாள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. மழைக்கு நடுவே ஒரு காரில் மூன்று பேர் வந்து, கச்சிராயபாளையம் டீக்கடையில் நின்று, நம்பர் எழுதின பாறை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். செடி ஆபீஸ்காரர்கள்தான் என்று நினைத்து, கடைக்காரர் பாதி தூரம் கூடவே வந்து வழிகாட்டியிருக்கிறார். யார் அவர்கள், எங்கே விற்றார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் குழுவிலிருந்து விலகினேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் போட்டதையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னும் பத்து நாள்ல அவங்க வராங்களேம்மா. நான் எதைக் காட்டுவேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது.

எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன், வேறு எங்கேயாவது ஒன்றிரண்டாவது இருக்குமா என்று.

"இருக்குது" என்றாள்.

"எங்கேக்கா?"

"சொல்ல மாட்டேன்."

தழையை இழுத்துக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மேற்கால தேனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க எண்ண வந்த அன்னிக்கே உங்கள அந்தப் பக்கம் வுடக்கூடாதுன்னுதான் சொன்னேன். அங்கயும் இருந்துச்சு. அங்க இருந்தத எடுத்து வேற எடத்துல பொத்திட்டேன், போயித் தேடாதீங்க. இன்னும் எங்கெங்கயோ இருக்குது. உங்களுக்குத் தெரிய வேணாம்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செடி போனபோது வந்த அழுகை வேறு, இது வேறு. களியை என்னோடு பங்கிட்டுத் தின்றவள், என்னைச் சிரிக்க வைத்தவள், முதல் நாளிலிருந்தே என்னை நம்பவில்லை. நம்பாததுதான் சரி என்று நானே நிரூபித்தும் விட்டேன். வாய் விட்டு அழுதேன். அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாற போயிடுமா?" என்று கேட்டாள்.

"செடி இல்லேன்னா போயிடும்க்கா."

யோசித்தாள். "சரி. வரவங்களுக்கு நான் காட்டறேன். எந்த எடம்னு எழுதக் கூடாது. எவனும் போன எடுத்துக்கினு வரக் கூடாது. வேலி போடறேன்னு ஆட்ட வெரட்டக் கூடாது. ஆடு மேயலன்னா புல்லு மூடி அது செத்துப் போவும்." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க வர வேணாம்."

சார் அதிகாரிகளிடம் பேசினார். இந்த மாதிரிச் செடிகளுக்குச் சரியான இடத்தை அறிக்கையில் எழுதாமல் விடுவது உண்டு என்பதால், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கார்த்திகையில் ஒரு காலை சாரோடு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முதலில் அவர்களை நான் வட்டங்களிடம் கூட்டிக்கொண்டு போனேன். "இத்தனையும் இருந்தது. இந்த வட்டத்தை வரைந்தது நான். படத்தை வெளியே அனுப்பினதும் நான்" என்றேன். ஒருவர் ஏதோ எழுதப் போனார். பிறகு பேனாவை மூடி வைத்துக்கொண்டார்.

சுனைக்கரையில் மூன்று பேரும் போன்களை என்னிடம் கொடுத்தார்கள். அக்கா முன்னால் நடந்தாள். சார் தடுமாறித் தடுமாறிப் பின்னால் போனார். எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காக நானாகவே அணையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மடியில் போன்கள் மாறி மாறி அடித்தன. ஒருவருடைய மனைவி நாலு தடவை கூப்பிட்டார். அந்த மலையில் நான் நுழையாத புதர் இல்லை, நோண்டாத வெடிப்பு இல்லை. எவ்வளவு வருத்தமாக இருந்தது என்று சொல்லி மாளாது. பொறாமையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செடியைப் பார்க்காமலே மிதிக்கிற சார் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் போனுக்குக் காவல் இருக்கிறேன்.

வெகுநேரம் கழித்து வந்தார்கள். சாருடைய இரண்டு முழங்காலும் சேறாக இருந்தன. கண் சிவந்திருந்தது. "சாப்பிடலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரிகள் போனதும், நான் தின்னரும் துணியும் கொண்டு போய், நாலு நாள் உட்கார்ந்து வட்டங்களைத் துடைத்தேன். முழுசாகப் போகவில்லை. அக்கா தூரத்தில் ஆட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

பாறை தப்பித்தது. கல் உடைக்கும் மனு நின்றுபோனது. பாதுகாக்கப்பட்ட பாறை என்று ஒரு பலகை நிற்கிறது. அதில் கல்லின் வயதைப் பற்றி இருக்கிறது, செடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வேலி இல்லை. திட்டம் முடிந்து, நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தப் பூவைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பேர் கேட்டால் மறந்துவிட்டது என்பேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் அதே பதில்தான்.

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி வாக்கில் அக்காவிடமிருந்து போன் வரும். "பூத்துடுச்சு" என்பாள், வைத்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் உண்டு. களி போடுவாள். மேடம் எல்லாம் போய்ப் பழைய 'நீ' திரும்பி வந்துவிட்டது. செடிப் பேச்சை மட்டும் அவளும் எடுக்க மாட்டாள், நானும் எடுக்க மாட்டேன்.

இந்த வருஷம் போன் வந்தபோது நான் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சின்னசேலம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"பூத்துடுச்சு" என்றாள். வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது.

"ஞாயித்துக்கெழம வரியா?" என்றாள். "போன வூட்லயே வெச்சுட்டு வா. கூட்டிக்கினு போயி காட்டறேன்."

ஐந்து வருஷமாக இந்த வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் என்னம்மா ஆச்சு என்று கேட்கிற அளவுக்குக் கண்ணீர் வந்தது. பஸ் கிளம்பி, சத்தம் ஓயும்வரை நின்றேன்.

"வேணாம்க்கா" என்றேன். "பாத்தா எண்ணிடுவேன்."